நாலாவது லோடு

ஜனவரி 9

அண்ணனுக்கு,

நல்லா இருக்கீங்களா? அண்ணியும் பையனும் சௌக்கியமா? இந்த விலாசத்தை அண்ணியோட அக்காகிட்ட கெஞ்சி வாங்கினேன். போன் நம்பரும் குடுத்தாங்க. ஆனா என் குரலைக் கேட்டதும் நீங்க வெச்சிடுவீங்கன்னு எனக்குத் தெரியும். கடிதம்னா கிழிக்கறதுக்கு முன்னாடி யார் எழுதினதுன்னாவது பாப்பீங்க.

சுத்தி வளைக்காம சொல்லிடறேன். எனக்கு உங்ககிட்டருந்து ஒரு கையெழுத்து வேணும்.

ஆஸ்பத்திரியில புது நிர்வாகம் வந்திருக்கு. ஜூலையிலருந்து எந்தப் பிரிவுக்கும் டிகிரி இல்லாதவங்க இன்சார்ஜா இருக்கக் கூடாதாம். ஆறு வருஷமா நம்ம ஸ்டெரிலைசேஷன் ரூமை நான்தான் பாத்துக்கறேன். ஆனா காகிதத்துல இன்னும் 'தற்காலிகம்'. ஜூன் முடியறதுக்குள்ள டிகிரியைக் காட்டலன்னா புதுசா ஒருத்தரைக் கொண்டாந்து உக்கார வெச்சிட்டு, என்னை அழுக்குத் துணி மூட்டை தூக்கற எடத்துக்கு அனுப்பிடுவாங்க. நாப்பத்தாறு வயசுல, இந்த முட்டியை வெச்சுக்கிட்டு. மகளுக்கு இன்னும் படிப்பு முடியல. அவ அப்பா எங்க இருக்கார்னே தெரியல, அதை உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்ல.

ஒரு காலேஜ்ல, வேலை பாத்த அனுபவத்தையே படிப்பா எடுத்துக்கிட்டு டிகிரி குடுக்கறாங்க. வகுப்பு கிடையாது. வேலையில என்ன கத்துக்கிட்டோம்னு எட்டு அத்தியாயம் எழுதி ஃபைலாக் குடுக்கணும். கூட இருந்து பாத்தவங்க ஒருத்தர் சாட்சிக் கடிதம் எழுதணும், அதுவும் என் முதல் பத்து வருஷத்துக்கு. அப்ப இருந்த சூப்பரின்டென்டன்ட் செத்துட்டார். பெரிய நர்ஸம்மாவுக்கு நெனவு தப்பிடுச்சு. போய்ப் பாத்தேன், என்னைப் பாத்து "பால் வந்துடுச்சா"ன்னு கேட்டாங்க. மிச்சம் இருக்கறது நீங்க ஒருத்தர்தான்.

கேக்கறதுக்கு எனக்கு முகம் இல்ல. ஆனாலும் கேக்கறேன். படிவம் இதோட இருக்கு, கீழ கையெழுத்து மட்டும் போட்டுக் குடுத்தாப் போதும். மேல நான் எழுதிக்கறேன்.

உங்க தங்கச்சி


ஜனவரி 21

தங்கச்சிக்கு,

என்ன திடீர்னு நீங்க, வாங்க? பொறந்ததுலருந்து என்னை வாடா போடான்னு கூப்பிட்டவ நீ. அம்மா அடிச்சுப் பாத்தும் திருந்தல. ஒரு கையெழுத்து தேவைப்பட்டதும் மரியாதை தானா வந்துடுச்சு பாரு. வேண்டாம், பழையபடியே எழுது. படிக்கவே கூச்சமா இருக்கு.

ஒன்பது வருஷம். நான் உயிரோட இருக்கேனான்னு ஒரு வரி இல்ல. அண்ணிக்கு ஆபரேஷன் ஆனப்போ இல்ல. உன் அண்ணன் பையன் காலேஜ் சேர முடியாம வேலைக்குப் போனப்போ இல்ல. இப்ப உனக்கு டிகிரி வேணும்னதும் அண்ணன் இருக்கறது ஞாபகம் வந்துடுச்சு. நல்லது.

நான் என்ன பண்றேன்னு நீ கேக்கல, நானே சொல்றேன். ஒரு கிடங்கு வாசல்ல உக்காந்திருக்கேன். லாரி வந்தா நம்பர் எழுதணும், கதவுல சீல் உடையாம இருக்கான்னு பாக்கணும், கையெழுத்துப் போடணும். மத்த வாட்ச்மேனுங்க நாற்காலியிலருந்தே கையைக் காட்டி அனுப்பிடுவானுங்க. நான் ஒவ்வொரு லாரிக்கும் எழுந்து போய், சீலை விரலால தொட்டுப் பாத்துட்டுத்தான் போடறேன். மழையில குடை பிடிச்சுக்கிட்டுப் போறேன். 'தொட்டுப் பாக்கறவர்'னு எனக்குப் பேரே வெச்சிட்டானுங்க.

வெறும் காகிதத்துல கையெழுத்துப் போடற பழக்கத்தை நான் விட்டு ஒன்பது வருஷமாச்சு. ஏன் விட்டேன்னு உனக்குத் தெரியும். இன்னும் வெட்கமில்லாம அதையே கேக்கறே.

ஃபைலை முழுசா அனுப்பு. எட்டு அத்தியாயமும். படிச்சிட்டுச் சொல்றேன்.

அண்ணன்


பிப்ரவரி 4

அண்ணா,

சரி, நீன்னே எழுதறேன். திட்டு, எவ்வளவு வேணா திட்டு. பதில் போட்டியே, அதுவே எனக்குப் பெரிசு. கடிதத்தை வெச்சுக்கிட்டு அந்த ரூம் பின்னாடி, துணி காயற எடத்துல நின்னு அழுதேன். அண்ணிக்கு ஆபரேஷன்னு எனக்கு யாருமே சொல்லல. சத்தியமா.

ஃபைல் அனுப்பியிருக்கேன். இதை எழுதறதுக்குள்ள பட்ட பாடு இருக்கே! காலேஜ்ல ஒரு வழிகாட்டி மேடம். ஆட்டோகிளேவை, அதான் நம்ம ஆவி மெஷினை, அவங்க போட்டோவுல கூடப் பாத்ததில்ல. நான் கத்தி, கத்தரியெல்லாம் எப்படிக் கழுவறோம், எப்படித் துணியில கட்டறோம், எத்தனை டிகிரி ஆவியில வைக்கிறோம்னு இருபது பக்கம் எழுதிட்டுப் போனேன். "நீங்க செஞ்சதை எழுதியிருக்கீங்க, கத்துக்கிட்டதை எழுதுங்க"ன்னு திருப்பிட்டாங்க. ரெண்டும் ஒண்ணுதானேம்மான்னேன். இல்லையாம். மூணு வாரம் மண்டையை உடைச்சுக்கிட்டேன். மகதான் டைப் பண்ணிக் குடுத்தா. "அம்மா, உனக்கு இவ்வளவு தெரியுமா"ன்னு அவ கேட்டப்போ எனக்கே என் மேல ஒரு மரியாதை வந்துச்சு.

எட்டு தலைப்பும் அவங்க குடுத்தது. ஆறாவது தலைப்பு, 'பணியில் நேர்ந்த ஒரு தவறும் அதிலிருந்து கற்றதும்.' அதை மட்டும் படிக்கும்போது கோவப்படாதே. வேற எதை எழுதறதுன்னு எனக்குத் தெரியல. பேர் எதுவும் போடல.

மார்ச் கடைசியில ஃபைலைக் குடுக்கணும். சீக்கிரம் எழுது.

தங்கச்சி


பிப்ரவரி 19

தங்கச்சிக்கு,

படிச்சேன். ரெண்டு தடவை படிச்சேன். மொதல்ல நல்லதைச் சொல்லிடறேன், அப்புறம் நான் கெட்டவன்னு ஆயிடக் கூடாது.

மூணாவது அத்தியாயம் நல்லா எழுதியிருக்கே. ஆவியில வெந்தாப் போதும்னு எல்லாரும் நெனக்கறாங்க, காயறதுதான் முக்கியம்னு யாருக்கும் தெரியறதில்ல. ஈரத்தோட வெளிய வந்த பொட்டலத்தை ஒருத்தர் கையால தூக்கினா, அந்தக் கையில இருக்கறதெல்லாம் நனைஞ்ச துணி வழியா உள்ள போயிடும், உள்ள இருக்கற கத்தி வெந்தும் வேகாத மாதிரிதான்னு தெளிவா எழுதியிருக்கே. புறங்கையை வெச்சுப் பாத்தா ஈரம் தெரியும்னு எழுதினதும் சரி. உள்ளங்கை காப்புக் காய்ச்சிடும், புறங்கை பொய் சொல்லாது. அதை உனக்குச் சொன்னது நான்தான். போகட்டும், கத்துக்கிட்டதைத்தானே எழுதச் சொன்னாங்க.

ஒரு தப்பு இருக்கு. எலும்பு ஆபரேஷன் செட்டுக்குக் காயற நேரம் இருபது நிமிஷம்னு போட்டிருக்கே. கனமான இரும்பு, முப்பதுக்குக் குறைஞ்சா காயாது. திருத்திக்கோ. எப்படி மறந்தே?

இப்ப ஆறாவதுக்கு வர்றேன். நீ எழுதினதை அப்படியே எழுதறேன், உன் கண்ணால இன்னொரு தடவை பாரு.

"பணியில் இருந்த மூத்த ஊழியர் ஒருவரின் கவனக்குறைவால், முழுமையாக உலராத கருவிப் பொட்டலங்கள் அறுவை அரங்குக்கு அனுப்பப்பட்டன. இந்நிகழ்வு, விழிப்புடன் பணியாற்ற வேண்டியதன் அவசியத்தை எனக்கு உணர்த்தியது."

உணர்த்தியதாம்! உனக்கு உணர்த்தறதுக்காக ஒரு பஸ் டிரைவருக்கு ஆபரேஷன் பண்ணின எடம் சீழ் பிடிச்சு முட்டிக்குக் கீழ கால் போச்சு. எனக்கு வேலை போச்சு. அப்புறம் ஊர் போச்சு.

என் தப்பு எதுன்னு எனக்குத் தெரியும். அதை மறைக்க மாட்டேன். மெஷின்ல ஒரு நாளைக்கு எட்டு லோடு, லாக் புக்ல எட்டு வரி. ஒவ்வொரு லோடும் வெளிய வந்தப்புறம் இன்சார்ஜ் தொட்டுப் பாத்துக் கையெழுத்துப் போடணும். நான் காலையிலேயே எட்டு வரிக்கும் போட்டு வெச்சிடுவேன். நீங்கள்லாம் ஒவ்வொரு தடவையும் கையுறையைக் கழட்டிட்டு என்னைத் தேடிக்கிட்டு அலைய வேண்டாம்னு. பெரிய தாராளம்! அந்த முட்டாள்தனத்துக்கு என்னை என்ன பண்ணினாலும் தகும்.

ஆனா அன்னிக்கு நாலாவது லோடு வெளிய வந்தப்போ நான் அங்க இருந்தேனா? உன் மக ஸ்கூல்லருந்து போன் வந்துச்சு, ஜுரம் கொதிக்குதுன்னு. உனக்கு லீவு குடுக்க மாட்டாங்க, நீ அப்ப கான்ட்ராக்ட். "நீ இரு, நான் போறேன்"னு போனேன். குழந்தையைத் தோள்ல போட்டுக்கிட்டு டாக்டர்கிட்டக் காட்டி, பக்கத்து வீட்டுல விட்டுட்டு வந்தேன். ரெண்டு மணி நேரம். வந்து கேட்டப்போ, "நாலாவது போயிடுச்சுண்ணா, காஞ்சுதான் எடுத்தேன்"னே. நம்பினேன். ஆவிக் குழாய்ல தண்ணி நின்னிருக்கும், மெஷின் கோளாறாத்தான் இருக்கும்னு இந்த ஒன்பது வருஷமா நானே காரணம் தேடிக்கிட்டிருக்கேன்.

விசாரணையில, பொட்டலம் ஈரமா இருந்துச்சுன்னு ஆபரேஷன் தியேட்டர் நர்ஸ் சொன்னா. என்னைக் கேட்டாங்க. "என் கையெழுத்துதான்"னேன். அதுக்கு மேல பேசல. நான் பேசாததுக்குக் காரணம், நீ அடுத்த நாற்காலியில உக்காந்திருந்தே. நீ பேசுவேன்னு நெனச்சேன். 'அண்ணன் அப்ப இல்ல, என் குழந்தைக்காகப் போயிருந்தார், எடுத்தது நான்'னு ஒரு வார்த்தை. உன்னைக் கேட்டப்போ "எனக்குத் தெரியாது"ன்னே. குனிஞ்சு கைப்பை வாரைப் பிடிச்சுத் திருகிக்கிட்டே இருந்தே.

ஆறாவது அத்தியாயத்தை மாத்தி எழுது. நடந்தது நடந்தபடி. அன்னிக்கு எடுத்தது நீ, நான் அங்க இல்லன்னு எழுது. எழுதி அனுப்பு, சாட்சிக் கடிதம் நானே என் கையால எழுதித் தர்றேன்.

அண்ணன்


மார்ச் 6

அண்ணா,

பத்து நாள் உன் கடிதத்தைத் தலகாணி உறையில வெச்சிருந்தேன். உன் மேல எவ்வளவு கோவம் வந்துச்சு தெரியுமா? யார் உன்னைத் தியாகி வேஷம் போடச் சொன்னது? "என் கையெழுத்துதான்"னு நீ சொன்னதும் எல்லாரும் பேனாவை மூடிட்டாங்க. அதுக்கப்புறம் நான் என்ன பேசறது? நீயே வாயைத் திறந்து "நான் அங்க இல்ல"ன்னு சொல்லியிருக்கலாமே. சொல்லாம, பந்தை என் பக்கம் உருட்டி விட்டுட்டு, நான் தொடறேனா இல்லையான்னு பாத்துக்கிட்டிருந்தே. அப்படிச் சோதிச்சுப் பாக்கறதுக்கு அதுதான் நேரமா?

சரி. இதையெல்லாம் நான் எழுதறதே, சொல்ல வேண்டியதைத் தள்ளிப் போடறதுக்காக.

நீ கேட்டது, நீ அங்க இல்ல, எடுத்தது நான்னு எழுதணும்னு. அது பாதிதான். மிச்சமும் சொல்றேன்.

சுத்தியல் டாக்டர் ஞாபகம் இருக்கா? எலும்பு டாக்டர், தியேட்டர்ல எதையாவது எடுத்து எறிஞ்சுக்கிட்டே இருப்பாரே. அவர் போன் பண்ணினார். "ஆள் மயக்கத்துல படுத்திருக்கான், செட் எங்க? அஞ்சு நிமிஷத்துல வரலன்னா நாளைக்கு நீ இந்தக் கட்டடத்துல இருக்க மாட்டே"ன்னார். மெஷின் அப்பதான் காய வைக்கற கட்டத்துக்கு வந்து ஒன்பது நிமிஷம் ஆகியிருந்துச்சு. நிறுத்தினேன். கதவைத் தொறந்தேன். கையுறையைக் கழட்டிட்டுப் புறங்கையை வெச்சேன்.

ஈரம், அண்ணா. நல்லாத் தெரிஞ்சுது. சூட்டோட பிசுபிசுன்னு ஒட்டிச்சு. தெரிஞ்சேதான் அனுப்பினேன்.

திருப்பி உள்ள வெச்சா இன்னும் முக்கால் மணி நேரம். என் வேலை, ஜுரத்துல கிடக்கற குழந்தை, வீட்டு வாடகை எல்லாம் தலைக்குள்ள ஓடுச்சு. லாக் புக்கைப் பாத்தேன். நாலாவது வரியில உன் கையெழுத்து ஏற்கனவே இருந்துச்சு. அதைப் பாத்ததும் எனக்கு ஒரு தைரியம் வந்துச்சு. இதை யாருகிட்டயும் சொன்னதில்ல. உன் கையெழுத்து அங்க இல்லாம இருந்திருந்தா நான் அனுப்பியிருக்க மாட்டேன். உன்னைக் குத்தம் சொல்லல. உண்மையைக் கேட்டே, சொல்றேன்.

அந்த டிரைவரை அதுக்கப்புறம் மூணு தடவை பாத்திருக்கேன். மருந்து வாங்க வருவார், கட்டையை ஊணிக்கிட்டு. ஒரு தடவை அவருக்கு லிஃப்ட் கதவைப் பிடிச்சுக்கிட்டேன். "நல்லா இரும்மா"ன்னார்.

ஆறாவது அத்தியாயத்தைப் புதுசா எழுதி வெச்சிருக்கேன். ஏழு பக்கம். இதை மட்டும் மககிட்ட டைப் பண்ணக் குடுக்கல, கையால எழுதினேன். மாமாவாலதான் அந்தக் கால் போச்சுன்னு அவ நெனச்சுக்கிட்டிருக்கா. நான்தான் திருத்தல. படிச்சுப் பாரு. போதுமான்னு சொல்லு.

முப்பது நிமிஷம்னு திருத்திட்டேன். மறக்கல அண்ணா. எழுதும்போது கை வரல.

தங்கச்சி


மார்ச் 22

தங்கச்சிக்கு,

கேட்டதுக்கு மேலயே குடுத்துட்டே. மெஷின் கோளாறுன்னு நான் கட்டி வெச்சிருந்தது எல்லாம் ஒரே பக்கத்துல இடிஞ்சு விழுந்துச்சு. நாலு நாள் சாப்பாட்டுத் தட்டைத் தள்ளி வெச்சேன். அண்ணி என்னன்னு கேட்டா. பல் வலின்னேன்.

உன்னை மன்னிச்சுட்டேன்னு எழுதணும்னு உக்காந்தேன். வரல. பொய்யா எழுத வேண்டாம்னு விட்டுட்டேன்.

ஆனா சொன்ன சொல்லு. சாட்சிக் கடிதம் இதோட இருக்கு. என் கையால எழுதியிருக்கேன், தேதி போட்டு, ஒவ்வொரு பக்கத்துலயும் கையெழுத்துப் போட்டிருக்கேன். எல்லாம் உண்மை. நீ சுத்தம் பாக்கறது, செட்டுல ஒரு கத்தரி குறைஞ்சாலும் மொத்தத்தையும் பிரிச்சு எண்ணறது, எல்லாம் எழுதியிருக்கேன். கடைசிப் பத்தியை மட்டும் நல்லாப் படிச்சுக்கோ.

இப்ப நான் ஒண்ணு கேக்கறேன். இந்த ஊர்ல புதுசா ஒரு ஆஸ்பத்திரி தொறக்கறாங்க. ஸ்டெரிலைசேஷனுக்கு ஆள் தேடறாங்க, டிகிரியும் அனுபவமும் வேணும்னு. நீ அனுப்பின படிவத்தைப் பாத்துதான் எனக்கும் தோணுச்சு. அதே காலேஜுக்கு விண்ணப்பம் போட்டேன். நான் இருபது வருஷம் அந்த ரூம்ல இருந்தவன். உன் எட்டு அத்தியாயமும் எனக்கும் பொருந்தும். ஆனா என் விடுவிப்புக் கடிதத்துல 'கவனக்குறைவு காரணமாக நீக்கம்'னு இருக்கே. அந்த இருபது வருஷத்தை அப்படியே கணக்குல எடுத்துக்க முடியாது, ஆஸ்பத்திரிக்கு எழுதி விசாரிக்கணும்னு சொல்றாங்க.

உன் ஆறாவது அத்தியாயம் உள்ள இருந்தாப் போதும். உன் ஃபைலைப் பாருங்கன்னு ஒரு வரி அவங்களுக்கு எழுதிடுவேன். நான் ஊரைக் கூட்டிச் சொல்ல மாட்டேன். கோர்ட்டுக்குப் போக மாட்டேன். அம்பத்திரெண்டு வயசாயிடுச்சு, எனக்கு அந்த ரூம் வேணும். அந்த ஆவி வாசனை வேணும். இந்த வாசல்ல உக்காந்து லாரி நம்பர் எழுதி முடிஞ்சு போறதுக்கு நான் தயாரா இல்ல.

அந்த ஏழு பக்கத்துல ஒரு எழுத்தும் மாத்தாதே.

அண்ணன்


மே 30

கடிதம் கிடைச்சுதா இல்லையா? கிடைச்சுதுன்னு மட்டுமாவது எழுது. போன் அடிச்சேன், ரெண்டு தடவையும் கட் ஆச்சு.

அண்ணன்


ஜூலை 12

அண்ணா,

கிடைச்சுது. மார்ச் முடியறதுக்கு முன்னாடியே கிடைச்சுது. கட் பண்ணினதும் நான்தான். திட்டாதே, முழுசாப் படி.

டிகிரி ஜூன்லயே வந்துடுச்சு. போன வாரம் சுவத்துல மாட்டியாச்சு. இன்சார்ஜ் ஆர்டரும் குடுத்துட்டாங்க, 'தற்காலிகம்'ங்கற வார்த்தை இல்லாம.

ஃபைல் குடுக்கறதுக்கு முந்தின நாள் வழிகாட்டி மேடம்கிட்ட அந்த ஏழு பக்கத்தைக் காட்டினேன். படிச்சிட்டுப் பக்கத்தையெல்லாம் அடுக்கி என் பக்கம் தள்ளினாங்க. அப்புறம், "நோயாளிக்கு ஆபத்து வந்ததா எழுதியிருந்தா நாங்க உங்க நிர்வாகத்துக்குத் தெரியப்படுத்தியே ஆகணும், அது விதி"ன்னாங்க. "நான் இதைப் பாக்கல, நீங்களே முடிவு பண்ணுங்க"ன்னு எழுந்து தண்ணி குடிக்கப் போயிட்டாங்க. அந்த ரூம்ல நான் மட்டும். அஞ்சு நிமிஷம்தான் ஆகியிருக்கும்.

எடுத்துட்டேன், அண்ணா. டேப் ஒட்டாத ஒரு பொட்டலத்தைப் பத்தி ரெண்டு பக்கம் எழுதி அந்த எடத்துல வெச்சேன். யாருக்கும் எதுவும் ஆகாத தப்பு. அதுக்கு நல்ல மதிப்பெண் போட்டிருக்காங்க.

உன் சாட்சிக் கடிதத்தைத் தேர்வுக் குழுவுல சத்தமாப் படிச்சாங்க. கடைசிப் பத்தியையும். "ஒரு பொட்டலம் ஈரமா, காஞ்சதான்னு இவங்க புறங்கைக்குத் தெரியும். இவங்களுக்குத் தெரியாம ஒரு ஈரப் பொட்டலம் கூட அந்தக் கதவைத் தாண்டினதில்ல." இப்படி ஒரு சான்று நாங்க பாத்ததே இல்லன்னு தலைவர் சொன்னார். எல்லாரும் சிரிச்ச முகமா என்னைப் பாத்தாங்க. நான் மேசைக்கு அடியில கையை வெச்சுக்கிட்டேன். நீ யாருக்கு எழுதினேன்னு எனக்குப் புரிஞ்சுது. அடிச்சிருந்தாக் கூட அவ்வளவு வலிச்சிருக்காது.

இப்ப இன்னொண்ணு. உன் விண்ணப்பம் சம்பந்தமா காலேஜ் ஆஸ்பத்திரிக்கு எழுதியிருக்கு. நிர்வாகம் அதை 'பிரிவு இன்சார்ஜ் பார்வைக்கு'ன்னு கீழ அனுப்பிட்டாங்க. இன்சார்ஜ் நான்தான். என் மேசைக்கே வந்துடுச்சு. எத்தனை வருஷம் இருந்தார், என்ன வேலை பாத்தார், எந்தச் சூழ்நிலையில விலகினார், 'பொறுப்பாளர் தாம் அறிந்த உண்மையைத் தம் கைப்பட எழுதவும்'. பன்னெண்டு வரி காலியா விட்டிருக்காங்க.

ஒரு வாரம் அதைப் பாத்துக்கிட்டே இருந்தேன். பேனா எடுப்பேன், வெச்சிடுவேன். உண்மையை எழுதினா அன்னிக்கே என்னை அனுப்பிடுவாங்க, போலீஸ் வரைக்கும் போனாலும் போகும். 'பதிவேட்டில் உள்ளபடி'ன்னு எழுதினா நான் மனுஷியே இல்ல. என்னால ரெண்டும் முடியல. அதனால கீழ கையெழுத்துப் போட்டு, சீல் குத்தி, உனக்கே அனுப்பறேன். மேல காலியா இருக்கு. நீ என்ன வேணா எழுதிக்கோ. என் கையெழுத்து இல்லன்னு நான் மறுக்க மாட்டேன். எழுதி நேரா காலேஜுக்கு அனுப்பிடு. முப்பத்தொண்ணாம் தேதிக்குள்ள போகணும்.

யோசிச்சு எழுது, அண்ணா. மகளுக்கு இன்னும் ரெண்டு வருஷப் படிப்பு இருக்கு.

தங்கச்சி


ஜூலை 29

தங்கச்சிக்கு,

படிவம் பதினெட்டாம் தேதியே வந்துடுச்சு. மேசை மேல வெச்சு தினமும் பாத்தேன். உன் கையெழுத்துக்குப் பக்கத்துல டிகிரி எழுத்தும் போட்டிருக்கே. நல்லா இருக்கு. அண்ணிகூட பாத்துட்டு, "அழகா எழுதறாளே"ன்னா.

என் பையன்தான், "எழுதுப்பா, அவங்களே சொல்லிட்டாங்களே"ன்னான். அவனுக்கு எல்லாத்தையும் சொல்லிட்டேன். ஒன்பது வருஷமா அவனும் என்னைப் பத்தி ஒண்ணு நெனச்சுக்கிட்டிருந்தான், வெளிய சொன்னதில்ல. கேட்டுட்டு ரொம்ப நேரம் என் கையைப் பிடிச்சுக்கிட்டு உக்காந்திருந்தான். எனக்குக் கிடைச்ச சான்றிதழ் அதுதான்.

பேனாவை நானும் எடுத்தேன். உண்மையை எழுதினா பன்னெண்டு வரி போதும். உன் வேலை போகும், உன் மகளுக்கு அம்மா யாருன்னு தெரியும், எனக்கு அந்த ரூம் கிடைக்கும். எழுத எனக்குக் கை கூசல, அப்படி நெனச்சுக்காதே. உன் மேல இரக்கமெல்லாம் எனக்கு இல்ல. ரெண்டாவது வரி வரைக்கும் மனசுக்குள்ள எழுதிட்டேன்.

அப்பத்தான் தாளோட கீழ்ப் பக்கம் கண்ணுல பட்டுச்சு. மேல காலி, கீழ கையெழுத்து. இதே மாதிரி ஒரு தாளைத்தான் அன்னிக்கு நீயும் பாத்திருக்கே. அதைப் பாத்ததும் தைரியம் வந்துச்சுன்னு எழுதினியே, எனக்கும் வந்துச்சு. உடனே பேனாவைக் கீழ வெச்சிட்டேன்.

இன்னொருத்தர் போட்டு வெச்ச கையெழுத்துக்கு மேல நம்ம இஷ்டத்துக்கு ஒண்ணைச் செஞ்சா என்ன ஆகும்னு இந்த உலகத்துல நம்ம ரெண்டு பேருக்குத்தான் நல்லாத் தெரியும். அதை நான் செய்ய மாட்டேன். நான் எழுதினா அது நான் எழுதினதாத்தான் இருக்கும். எனக்கு வேண்டியது நீ எழுதினது. இருபது வருஷத்துக்கும் சேத்து நான் உன்கிட்டக் கேட்டது அது ஒண்ணுதான். ஏழு பக்கம் எழுதினே, அஞ்சு நிமிஷத்துல எடுத்துட்டே. இப்ப பன்னெண்டு வரியையும் என் தலையில கட்டறே. விசாரணையில பேசாம இருந்தேன்னு என்னைத் தியாகி வேஷம்னே. இந்த வேஷம் எனக்கு வேண்டாம்.

உன் கையெழுத்தையும் சீலையும் மட்டும் கத்தரியால வெட்டி எடுத்து இதோட வெச்சிருக்கேன். யார் கையிலயாவது சிக்கினா உனக்கு ஆபத்து, எரிச்சிடு. மிச்சத் தாள் எங்கிட்ட இருக்கு. எழுதணும்னு என்னிக்காவது தோணினா சொல்லு, அனுப்பறேன்.

காலேஜோட கெடு நாளன்னிக்கு முடியுது. இந்தக் கடிதம் உன் கைக்கு வரும்போது அது முடிஞ்சு போயிருக்கும். அதனால இனிமே உன்னை யாரும் போன்ல விரட்ட மாட்டாங்க. எழுதறதா இருந்தா, இந்தத் தடவையாவது நல்லாக் காய விட்டே எடு.

அண்ணன்